வட்ட ரம்ப மேசை: உதைப்புத் தடுப்புக் கருவிகள்

வட்ட ரம்ப மேசை என்பது மேசைப் பரப்பின் நடுவே சுழலும் வட்ட பிளேடு மேலெழுந்து நிற்க, மரத்தை அதன்மேல் தள்ளி அறுக்கும் இயந்திரம். மரவாடிகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் கதவு, நிலை, கட்டில், பெட்டி வேலைகளுக்குப் பலகை கிழிக்க இது பயன்படுகிறது. அறுபடும் மரத்தை பிளேடு கவ்வி ஆளை நோக்கித் திருப்பி எறிவதே உதைப்பு. மேசை ரம்பத்தில் நேரும் கடுமையான காயங்களுக்கு இது ஒரு முதன்மைக் காரணம். பிளவுத் தகடு, மேல் மூடி, பற்றுப் பற்கள், சீப்புப் பலகை, தள்ளுகட்டை ஆகியவை இதைத் தடுக்கும் கருவிகள். இவற்றுள் தலையாயது பிளவுத் தகடு.

உதைப்பு நிகழும் விதம்

பிளேடின் முன்பக்கப் பற்கள் ஆளிருக்கும் பக்கமாகக் கீழிறங்கி, மரத்தை மேசையோடு அழுத்தியபடி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலேறி வருகின்றன. அறுத்த மரம் இந்தப் பின்பற்களில் உரசினால் அவை அதைத் தூக்கி, பிளேடின் உச்சி வழியாக ஆள்மேல் வீசும். 250 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுழன்றால் பல்லின் வேகம் விநாடிக்குச் சுமார் 38 மீட்டர், அதாவது மணிக்கு 137 கி.மீ. எறியப்படும் கட்டை ஏறத்தாழ இந்த வேகத்தை எட்டக்கூடும். எதிரே நிற்பவர் விலகிக்கொள்ள நேரமே இராது.

மரம் பின்பற்களில் சிக்குவதற்குக் காரணங்கள் பல. அறுத்த வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வலாம். வளர்ச்சி இறுக்கம் மிகுந்த தைல மரம், சரியாகக் காயாத மரம், முடிச்சுள்ள பலகை ஆகியவற்றில் இது அடிக்கடி நேரும். மரத்துக்கு வழிகாட்டும் வழிச்சட்டம் பின்பக்கம் பிளேடை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால், ஈரப் புளியங்கொட்டையை விரலிடுக்கில் அழுத்தினால் தெறிப்பது போல மரம் தெறிக்கும். வழிச்சட்டத்தில் முட்டு வைத்தே குறுக்காக அறுக்கும்போது, துண்டாகும் கட்டை சட்டத்துக்கும் பிளேடுக்கும் இடையில் கோணலாக மாட்டும். மழுங்கிய பிளேடு இவை எல்லாவற்றையும் மோசமாக்கும்.

காயம் இரண்டு வகை. எறியப்பட்ட மரம் வயிற்றிலோ மார்பிலோ முகத்திலோ அடிப்பது ஒன்று. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கை, அது நழுவிய கணத்தில் பிளேடின் மேல் போய் விழுவது மற்றொன்று. “கை தவறி பிளேடில் பட்டுவிட்டது” என்று பட்டறைகளில் சொல்லப்படும் விபத்துகளில் பல உண்மையில் உதைப்பில் தொடங்கியவை.

வரலாறு

அறுத்த வாய் மூடிக்கொள்ளும் சிக்கல் இயந்திரத்துக்கு மிக முந்தியது. குழிவாள் முறையில் மரத்தைக் குழியின் மேலோ சாரத்தின் மேலோ கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் கீழே நின்றும் நீண்ட வாளை இழுத்து அறுத்தனர். சில அடி அறுத்ததும் வாயில் ஆப்பு செருகுவார்கள். வாள் நகர நகர ஆப்பையும் முன்னே மாற்றி அடிப்பார்கள். இந்தியத் தச்சர்கள் இதைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்ததற்குப் பஞ்சதந்திரத்தில் சான்று உண்டு. பாதி அறுத்த மரத்திலிருந்து ஆப்பைப் பிடுங்கி, மூடிய பிளவில் சிக்கி மாண்ட குரங்கின் கதை அதில் வருகிறது. ‘ஆப்பசைத்த குரங்கு’ என்று தமிழில் வழங்குவது அக்கதைதான். பிளவுத் தகடு செய்வதும் ஆப்பின் வேலையையே.

வட்ட ரம்பத்தைப் பொறுத்தவரை, 1813-இல் அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த தபிதா பாபிட் அதை உருவாக்கினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-லேயே வட்ட ரம்பத்தைக் குறிப்பிட்டுக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதே ஊரில் வால்டர் டெய்லர் கடற்படைக்கான கப்பிக் கட்டைகளை வட்ட ரம்பத்தால் அறுத்துவந்தார். எனவே இதை முதலில் உருவாக்கியவர் பாபிட் அல்லர். ஆங்கிலேயப் பொறியாளர் சாமுவேல் பெந்தம் 1793-இல் பெற்ற காப்புரிமை மரவேலை இயந்திரங்கள் பலவற்றை உள்ளடக்கியது. அவர் ஆதரவில் மார்க் புரூனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த இயந்திரங்கள் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் நிறுவப்பட்டன. 1808-இல் அங்கு ஆண்டுக்கு 1,30,000 கப்பிக் கட்டைகள் உற்பத்தியாயின.

நீராவியும் பின்னர் மின்சாரமும் வந்தபின் ரம்ப மேசை எங்கும் பரவியது. கையை இழந்தவர்களின் தொகையும் அதோடு பெருகியது. பிரிட்டனின் 1922-ஆம் ஆண்டு மரவேலை இயந்திர ஒழுங்குமுறைகள் பிளவுத் தகட்டையும் மேல் மூடியையும் தள்ளுகட்டையையும் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிளவுத் தகடு, வீட்டு உபயோக ரம்பங்களில் பொது வழக்கானது 2000-களின் இறுதியில்தான்.

கருவிகளின் வகைகள்

பிளவுத் தகடு: பிளேடின் பின்னால், அதே நேர்கோட்டில், பிளேடின் வளைவை ஒட்டி நிற்கும் எஃகுத் தகடு. அறுத்த வாய் மூடாமல் தாங்குவதும், மரம் பின்பற்களின் மேல் சாயாமல் மறிப்பதும் இதன் வேலை. இதன் தடிமன் பிளேடின் உடல் தடிமனைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் வாயின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளேடு உடல் 1.8 மி.மீ., வாய் 2.8 மி.மீ. என்றால் 2.3 மி.மீ. தகடு பொருந்தும். தகடு தடித்தால் மரம் முட்டி நிற்கும். மெலிந்தால் பயன் இல்லை.

நிலைப் பிரிப்பான்: மேசையில் ஒரே இடத்தில் பொருத்திய தகடு. பிளேடை இறக்கினாலும் இது இறங்காது. காடி எடுக்கும் வேலைக்குக் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதே வழக்கமாகிறது. பிளேடோடு ஏறி இறங்கும் பிளவுத் தகடு பிளேடின் உச்சிக்குக் கீழே நிற்பதால் இந்த வேலைக்குக் கழற்ற வேண்டியதில்லை. இதனாலேயே அது மேலானது.

பற்றுப் பற்கள்: மரத்தின் மேல் உரசிக்கொண்டு, முன்னே போக விட்டுப் பின்னே வர விடாமல் குத்திப் பிடிக்கும் எஃகுப் பற்கள்.

சீப்புப் பலகை: நுனியில் சீப்புப் போல் கீறிய பலகை. மரத்தை வழிச்சட்டத்தோடு அணைத்துப் பிடிக்கும். பிளேடுக்கு முன்னால்தான் பொருத்த வேண்டும். பிளேடுக்கு நேரே வைத்தால் வாயை மூடச் செய்து, அதுவே உதைப்புக்குக் காரணமாகிவிடும்.

தள்ளுகட்டை: ஒடுக்கமான சட்டத்தை அறுக்கும்போது கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ளும் கட்டை. பட்டறையில் கிடக்கும் ஒட்டுப்பலகைத் துண்டின் ஓரத்தில் ஒரு பல் வெட்டினால் போதும்.

தானியங்கித் தடை: 1999-இல் அமெரிக்கர் ஸ்டீபன் காஸ் உருவாக்கிய ‘சா-ஸ்டாப்’ முறையில், பிளேடில் விரல் பட்டதை மின் குறிப்பு உணர்த்தியதும் அலுமினியக் கட்டை ஒன்று பிளேடில் பாய்ந்து சுமார் 5 மில்லி விநாடியில் அதை நிறுத்துகிறது. இது விரலைக் காக்கும். மரம் எறியப்படுவதைத் தடுக்காது. ஈர மரத்தில் தவறாக இயங்கவும் கூடும். ஆகவே இது பிளவுத் தகட்டுக்கு மாற்று அன்று.

இந்தியச் சட்டம்

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு இடச் சொன்னது. அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. பிரிட்டிஷ் ஒழுங்குமுறையின் சாயலில் அமைந்த அந்த அட்டவணையின் மாதிரி வடிவம், மேசை மட்டத்தில் பிளவுத் தகட்டுக்கும் பற்களுக்கும் இடைவெளி 10 மி.மீ.-க்கு மேற்படலாகாது என்றது. விட்டம் 60 செ.மீ.-க்குக் குறைந்த பிளேடானால், தகடு பிளேடு உச்சியிலிருந்து 25 மி.மீ. தொலைவு வரை உயர வேண்டியிருந்தது. அந்த அளவோ அதற்கு மேலோ உள்ள பிளேடுக்குத் தகட்டின் உயரம் குறைந்தது 22.5 செ.மீ. மேசைக்கு அடியிலுள்ள பிளேடுப் பகுதிக்கு இருபுறமும் தகடு அடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வட்ட ரம்பத்துக்கும் தள்ளுகட்டை தரப்பட வேண்டியிருந்தது.

அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி 18 வயது நிரம்பாதவரை அமர்த்தக் கூடாத இயந்திரங்களின் மாதிரிப் பட்டியலில் வட்ட ரம்பம் இடம்பெற்றது.  அதே 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடும், ஒரு கையின் நான்கு விரல் இழப்பை 50 விழுக்காடும் உழைப்புத் திறன் இழப்பாகக் கணக்கிட்டது.

விருதுநகர் வட்டாரம்

சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாள் முதல், விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரம் மரத்தோடும் வெடிமருந்தோடும் சேர்ந்தே வளர்ந்தது. தீக்குச்சிக்கான பெருமரம், இலவம் போன்ற மெல்மரங்கள் கேரளத்திலிருந்து வந்தன. குச்சிக்கான மரத்தை வட்ட ரம்பத்தில் கிழிப்பதில்லை. உருட்டிச் சீவித் தாளாக உரித்து நறுக்குகிறார்கள். இங்கு ரம்ப மேசை சுழல்வது வீட்டு வேலை, அறைகலன் வேலை செய்யும் பட்டறைகளிலும் மரவாடிகளிலும்தான். தூத்துக்குடித் துறைமுகம் வழி வரும் வெளிநாட்டு மரம், உள்ளூர் வேம்பு, பனை எல்லாம் இவற்றில் அறுபடுகின்றன. பனையின் வயிரம் பாய்ந்த நார் பிளேடை விரைவில் மழுங்கச் செய்யும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் அணைக்கட்டை ஒட்டியுள்ள ஆனைக்குட்டத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பயிற்சி மையம் இயங்குகிறது. இது பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களை முன்னிட்டு அமைந்தது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நிகழ்ந்தது போன்ற பெரும் வெடிவிபத்துகளைக் கண்ட வட்டாரத்தில் பாதுகாப்பு என்றாலே மருந்தும் தீப்பொறியும் நினைவுக்கு வருவது நியாயமே. ஆனால் பட்டறையில் போகும் விரலும் ஒரு குடும்பத்தின் சோறுதான். பட்டாசு ஆலை ஃபோர்மேனுக்கு மருந்து கலக்கும் அளவைக் கற்பிக்கும் அதே அக்கறையோடு தச்சருக்குப் பிளவுத் தகடு பொருத்தக் கற்பிக்க, இத்தகைய மையத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

தற்போதைய நிலை

மார்பிள் அறுக்கும் கை கட்டரைத் தலைகீழாகப் பலகையில் முடுக்கி மரம் அறுக்கும் வழக்கம் சிறு பட்டறைகளில் காணப்படுகிறது. 110 மி.மீ. பிளேடு 13,000 சுற்றில் ஓடும்போது பல்லின் வேகம் விநாடிக்கு 75 மீட்டர். பிளவுத் தகடு பொருத்த இடமே அதில் கிடையாது. தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்விசையுள்ள தொழிற்சாலைக்கான ஆள் வரம்பை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியுள்ளது. சிறு பட்டறைகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே தகட்டைக் கழற்றாமல் வைத்திருப்பதும், பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்பதும் மேஸ்திரியின் பொறுப்பாகவே உள்ளன.