பழைய நிலப்படமும் பாட்டன் ஊரும்

தென்காசியில் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியினின்று சிவலிங்கம் கொணர்ந்தான் என்பதும், அதனைச் சுமந்த பசு இவ்விடத்தை விட்டு அகலாது நின்றமையால் ஐயன் இங்கேயே எழுந்தருளினான் என்பதும் சிவகாசித் தலவரலாறு. ஊருக்குப் பெயர் வந்த கதையை இத்துணைப் போற்றிக் காத்த நாம், நம் பாட்டனார் காலத்தில் அவ்வூர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

திருவிழாவுக்குத் தொலைவிலிருந்து வரும் அன்பர் சிலர், குலதெய்வம் எந்தச் சிற்றூரில் உள்ளதென்று அறியாது தேடுகின்றனர். வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரமோ 'திருநெல்வேலி ஜில்லா, சாத்தூர் தாலுகா' என்று பேசும். அவர்கள் திருநெல்வேலிக்குச் சென்று தேடினால் என்ன கிடைக்கும்? 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுட் சென்றது; 1985-இல் மீண்டும் பிரிந்து, இன்று விருதுநகர் மாவட்டமாக விளங்குகிறது. விருதுநகரும் 1923 வரை விருதுபட்டியே. இக்குழப்பம் தீரப் பழைய நிலப்படம் ஒன்றே போதும்.

அப்படங்கள் எளிதில் எழுந்தவையல்ல. லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தம் பெரும்பணியைத் தொடங்கினார். காவிரிச் சமவெளியில் குன்றில்லாமையால் கோபுரங்களே அவருக்குக் குன்றாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி கயிறறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் பல வாரம் அமர்ந்து அதனைத் தம் கையாலேயே செப்பம் செய்தார். இராசராசன் எழுப்பிய விமானம் நிலமளப்பதற்கும் நின்றது எண்ணத்தக்கது.

பின்னாளில் ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்கி வரைந்த தாள்களில் கண்மாய், கிணறு, வண்டிப்பாதை, கோயில் யாவும் குறிக்கப்பெற்றன. அச்சிட்ட ஆண்டு கிழிந்து போயினும் காலத்தை உணரலாம். சிவகாசி வழியே தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை அதில் இல்லையா? அளந்த காலம் 1927-க்கு முந்தையது. விருதுபட்டி என்றிருக்கிறதா? பெரும்பாலும் 1923-க்கு முந்தையது. அடுத்து, அவ்வூர்க் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் அருகில் வைத்துப் பத்திரத்தின் நான்கெல்லையைப் பொருத்தினால், பாட்டனார் உழுத கரிசல் எந்தக் கண்மாய்க்குக் கிழக்கே கிடந்தது என்பது புலப்படும். அந்தக் கண்மாய் இன்று மனைகளாய்ப் போயிருப்பதும் புலப்படும். அது வேறு துயரம்.

ஆயினும் படம் சொல்லாதன உண்டு. கோயிலுக்கு அதில் ஒரு குறி மட்டுமே. வாயிலுக்குள் யார் புகலாம், யார் புறத்தே நிறுத்தப்பெற்றனர் என்பதற்குக் குறியில்லை. கோயில் நுழைவு பற்றியெழுந்த பூசலில் 1899-இல் இவ்வூரின் வீடுகள் தீக்கிரையாயின, உயிர்களும் மாண்டன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939-இல் வாயில் திறந்தது. மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-இல் வந்தது. குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் இதனை மறைத்தெழுதலாகாது. முதியோர் சொல்லக் கேட்டு, படத்தின் பக்கத்திலேயே குறித்து வைத்தல் வேண்டும். இறைவன் திருமுன் நின்று உண்மையை மறைப்பதில் என்ன பயன்?

இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முந்தைய தெருப்படங்களை மறு அச்சிட்டுச் சிறு விலைக்கு விற்கின்றனர். தத்தம் தெருவைத் தேடி மக்கள் வாங்குகின்றனர். நம் ஊரிலோ நாடெங்கும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகள் அச்சாகின்றன. தீப்பெட்டிக்கு ஒட்டும் படமும் இங்கேயே அச்சாயிற்று. அவ்வச்சகங்களுள் ஒன்று, உரிய இசைவு பெற்றுச் சிவகாசிப் பகுதியின் பழைய தாள் ஒன்றை அச்சிட்டு, அடுத்த திருவிழாவில் அன்பர்க்கு வழங்கலாமே! தாளின் ஓரத்தில் 1910, 1923, 1927, 1985 என்னும் நான்கு ஆண்டுகளையும் அவற்றின் காரணத்தையும் சேர்த்துவிடின், பெட்டியிலுள்ள பத்திரத்தைப் படிக்க வேறு துணை வேண்டா.