இரண்டாவது வீடு: ‘ஆல் மை பேபீஸ்’ படத்தின் பாடமுறை குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, மருத்துவச்சிகளின் பயிற்சிக்காக எடுத்து 1953இல் வெளியிட்ட படம் ‘ஆல் மை பேபீஸ்’. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். ஓர் அணிக்கு அது அரசு கையில் எடுத்த பிரம்பு. கறுப்பின மருத்துவச்சிகளைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்து, ஒரு தலைமுறைக்குள் தொழிலிலிருந்தே அப்புறப்படுத்திய நடவடிக்கையில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு என்பது அவர்கள் வாதம். மற்ற அணிக்கு அது ஓர் அபூர்வ வாய்ப்பு. பாடம் நடத்தப்போன இயக்குநரின் கேமராவில், அவர் எண்ணாமலேயே, தென்மாநில ஏழ்மையின் உண்மைச் சித்திரம் பதிந்துவிட்டது என்று அவர்கள் மெச்சுகிறார்கள். பழிப்போரும் மெச்சுவோரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: பாடம் வேறு, படம் வேறு. அந்த ஒத்துப்போதலை மறுப்பதே இக்கட்டுரையின் வேலை.

மறுப்பதற்கான ஆதாரம் புதிதாகத் தோண்டி எடுத்த கோப்பு ஒன்றும் அல்ல. எல்லோரும் மேற்கோள் காட்டும் பழைய செய்திதான். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டோனியிடம் சுகாதாரத் துறை 118 பயிற்சிக் குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தது. கைகழுவுவதில் தொடங்கி, கத்தரிக்கோலைக் கொதிக்கவைப்பது, தொப்புள்கொடியைக் கட்டுவது, பிறப்புச் சான்றுக்கான படிவத்தை நிரப்புவது என மருத்துவச்சி அறிந்திருக்க வேண்டிய யாவும் படத்துக்குள் வந்தாக வேண்டும். இந்தப் பட்டியலை ஆய்வாளர்கள் விலங்காகவே பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அதைக் கண்காணிப்பின் சாட்சியாக எடுத்துவைப்பார். இன்னொருவர் ‘இவ்வளவு கட்டுப்பாட்டையும் மீறி’ ஸ்டோனி கலையைப் படைத்தார் என்பார். பட்டியல் படத்துக்குள் எப்படிப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அவர்கள் போதிய கவனம் தரவில்லை.

படத்தின் நடுநாயகம் மேரி கோலி. 1900இல் பிறந்து 1966இல் மறைந்த இவர், ஆல்பனி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர். படம் அவரை இரண்டு வீடுகளுக்குப் பின்தொடர்கிறது. முதல் வீட்டில் எல்லாம் தயார்: தாய் கிளினிக்குக்குப் போய்வந்திருக்கிறார், அறை துப்புரவாக இருக்கிறது, தேவையான துணிகள் எடுத்துவைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது வீட்டில் வறுமை; எதுவும் தயாராக இல்லை; அந்தத் தாய் கிளினிக் பக்கம் ஒழுங்காகப் போனவரும் அல்ல.

வழக்கமான வாசிப்பு இதை நல்ல தாய், கெட்ட தாய் என்ற நீதிக்கதையாகக் காண்கிறது. ‘சொன்னபடி கேட்டால் இப்படி, கேட்காவிட்டால் அப்படி’ என்று சுகாதாரத் துறை விரலை ஆட்டிக் காட்டுகிறதாம். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றுவது உண்மைதான். முதல் வீட்டுப் பிரசவத்தின் நிதானத்துக்கும் இரண்டாவதன் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமானது.

ஆனால் இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் தாய்மார்கள் அல்லர், மருத்துவச்சிகள். அவர்களுள் பலர் ஊர் ஊராக நடந்து பிரசவம் பார்த்தவர்கள். எழுத்து வழியாகக் கற்கும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் கணிசமானோர். ‘கிளினிக்குக்குப் போகாமல் இருக்காதே’ என்று ஒரு தாயை எச்சரிப்பதோ தண்டிப்பதோ அவர்களுக்கு வேண்டிய பாடம் அல்ல. கிளினிக்குக்குப் போகாத தாயின் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகு என்ன செய்வது என்பதே அவர்களுக்கு வேண்டியது. பார்வையாளர் யார் என்பதை மாற்றி வைத்துப் பார்த்தால் நீதிக்கதை கரைந்துபோகிறது. முதல் வீடு செய்முறையைக் கற்றுத் தருகிறது. இரண்டாவது வீடு, அந்தச் செய்முறைக்கு வேண்டிய பொருளும் நேரமும் இல்லாத இடத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற முடிவைக் கற்றுத் தருகிறது. இந்த இரண்டாம் வகை அறிவைப் பட்டியலால் தர முடியாது. பட்டியலில் 118 வரிகளும் ஒரே எடையில் நிற்கும். இரண்டாவது வீட்டில்தான் அவற்றுள் எது கனமானது என்று தெரியவரும்.

இந்த அமைப்பின் புதுமை புரிய, அதற்கு முந்தைய செவிலியர் பயிற்சிப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்கக் கல்வி அலுவலகம் ஃப்ளாய்ட் புரூக்கரின் தலைமையில் 457 ஒலிப்படங்களைத் தயாரித்தது. கூடவே ஸ்லைடு படச்சுருள்கள், ஆசிரியர் கையேடுகள். பெரும்பாலானவை தொழிற்சாலை வேலைக்கானவை என்றாலும் செவிலியர் பயிற்சிக்கும் ஒரு வரிசை இருந்தது. உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் தொடர்பை விளக்கும் 1945ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்று. பிறந்த குழந்தையின் பராமரிப்பைப் பெற்றோருக்குச் செவிலியர் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது மற்றொன்று. செய்நேர்த்தியில் இவற்றைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இந்த வகைப் படத்தின் உலகத்தில் வெந்நீர் கேட்டதும் வரும், விரிப்பு எப்போதும் வெளுப்பாக இருக்கும், தட்டில் வேண்டிய கருவி வேண்டிய இடத்தில் இருக்கும். செவிலியரின் கைகளைக் காட்டுவார்கள். பேசுவது வேறொரு குரல், பெரும்பாலும் ஓர் ஆணின் குரல். கைக்கு ஒருவர், வாய்க்கு ஒருவர்!

‘ஆல் மை பேபீஸ்’ குறையில்லாத அந்த உலகத்தையும், கையையும் வாயையும் பிரிக்கும் அந்த வழக்கத்தையும் குலைக்கிறது. முதலாவதை இரண்டாவது வீடு பார்த்துக்கொள்கிறது. ‘ஒரு மருத்துவச்சியின் சொந்தக் கதை’ என்ற துணைத்தலைப்புக்கு ஏற்ப, கதையைச் சொல்லும் குரல் கோலியுடையது. செய்பவரே சொல்கிறார். ஆல்பனியில் எல்லோரும் அவரை ‘மிஸ் மேரி’ என்றே அழைத்தார்கள். படமும் அப்படியே அழைக்கிறது. கறுப்பினப் பெண்களை மரியாதைச் சொல் இல்லாமல் வெறும் பெயரால் கூப்பிடுவதே வெள்ளையரின் வழக்கமாக இருந்த ஊரில், காலத்தில், ஓர் அரசுப் படம் அதன் பாடம் முழுவதையும் ‘மிஸ் மேரி’யின் வாயில் வைக்கிறது. இதைக் கண்காணிப்பு என்று மட்டும் சொல்லி நகர்வது எளிதல்ல.

மறுபக்கத்து வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. மருத்துவச்சிகளைக் கூட்டிவைத்து மருத்துவ அதிகாரி பேசும் காட்சி இன்று பார்க்கும்போதும் நெளியவைக்கிறது. அதிலுள்ள அதிகாரத் தொனியை எந்த மறுவாசிப்பாலும் துடைத்துவிட முடியாது. 1921ஆம் ஆண்டின் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் தாய்சேய் நலத்துக்கு நிதி தந்த காலத்திலிருந்தே தென்மாநிலச் சுகாதாரத் துறைகள் மருத்துவச்சிகளுக்கு உரிமம் கொடுத்தன, பைகளைத் திறந்து சோதித்தன, பைக்குள் என்ன இருக்கலாம் என்று விதித்தன. வெள்ளை அங்கி, கொதிக்கவைத்த கத்தரிக்கோல், கொடியைக் கட்டும் நாடா, குழந்தையின் கண்ணில் விடச் சில்வர் நைட்ரேட் சொட்டு. இவை இருக்கலாம். பச்சிலையும் கஷாயமும் இருக்கக் கூடாது. படத்தில் இல்லாதவற்றுள் முக்கியமானது இதுதான். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மூலிகை அறிவு, தாய் நடந்தும் குந்தியும் பிள்ளை பெறும் முறைகள் ஆகியவற்றைப் பின்னாளில் பல முதிய மருத்துவச்சிகள் தங்கள் வாய்மொழி வரலாறுகளில் விரிவாகச் சொன்னார்கள். அந்த அறிவுக்குப் படத்தில் இடமில்லை. சுத்தம் முழுவதும் துறையின் கொடை என்பது போன்ற தோற்றத்தைப் படம் தருகிறது. இந்தக் குற்றச்சாட்டை இக்கட்டுரை முழுமையாக ஏற்கிறது.

ஏற்றுக்கொண்டாலும், விலக்கப்பட்டது எது என்பதிலிருந்து கற்பிக்கப்பட்டது எது என்பதை முடிவுசெய்துவிட முடியாது. சில்வர் நைட்ரேட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1880களில் ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் கிரேடே அறிமுகப்படுத்திய இந்தச் சொட்டு, பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியாவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுத்தது. தொப்புள்கொடி வழியாக வரும் நச்சுத்தொற்றும் கற்பனையல்ல. பழைய செய்தித்தாள்களை மடித்து, துணி போர்த்தி, பிரசவப் படுக்கைக்கு அடியில் விரிக்கும் திண்டு செய்வது தென்மாநில மருத்துவச்சிகளின் பரவலான நடைமுறை. சுத்தமானது, செலவில்லாதது, வேலை முடிந்ததும் எரித்துவிடலாம். துறையின் விதியும் ஏழை வீட்டின் சிக்கனமும் ஒரே திண்டில் மடிந்துகிடக்கின்றன. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், விடை ஒரு திசையில் மட்டும் ஓடாது.

தற்செயல் வாதத்துக்கு வருவோம். ‘எண்ணாமலேயே’ ஏழ்மை பதிவானது என்ற பாராட்டு, ஸ்டோனியைக் கேமரா தெரிந்த, ஆனால் கண் திறக்காத மனிதராக்குகிறது. அவருடைய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, வறிய விவசாயிகளின் நிலையைப் பதிவுசெய்வதற்குப் பேர்பெற்ற பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் தகவல் அலுவலராக இருந்தவர் அவர். ‘ஆல் மை பேபீஸ்’ படத்துக்கு முன்பே ஜார்ஜியாவில் ‘பால்மர் ஸ்ட்ரீட்’ என்ற படத்தை, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் அன்றாடத்தை வைத்து, மனநலம் கற்பிக்க எடுத்திருந்தார். பின்னாளில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் ‘சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்’ திட்டத்தை நடத்தியவர். சாதாரண மக்கள் கையில் வீடியோ கேமராவைக் கொடுக்கும் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இப்படிப்பட்டவர் இரண்டாவது வீட்டை எதிர்பாராமல் படம்பிடித்துவிட்டார் என்று நம்ப நிறைய நல்லெண்ணம் வேண்டும். துறைக்கு மருத்துவ ஆலோசகராக இருந்த வில்லியம் மேசனும் கறுப்பின மருத்துவர். அவருக்கும் அந்த வீடுகள் அந்நியமல்ல. இயக்குநரின் மனத்தில் என்ன ஓடியது என்று அறுதியிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் படத்தின் பாதி எடையை அந்த வீட்டின் மேல் வைத்த பிறகு, அதைத் தற்செயல் என்று அழைப்பதற்குச் சான்று வேண்டும். மெச்சுவோரின் எழுத்துகளில் அத்தகைய சான்று எதுவும் இல்லை.

நடிக்கவைத்த காட்சிகள் நிறைந்த படத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. பயிற்சிப் படம் எப்போதுமே நடித்துக் காட்டுவதுதான். இந்தப் படத்தில் பிறப்பு மட்டும் உண்மையானது. அது போதும். படத்துக்கு இசையமைத்த லூயி ஆப்பிள்பாமின் சேர்ந்திசை பக்தி மிகுந்து ஒலிக்கிறது என்பதும் ரசனை சார்ந்த குறை. அதைக் கொண்டு பாடமுறையை எடைபோட முடியாது.

எஞ்சியிருப்பது பெரிய கேள்வி. இந்த மருத்துவச்சிகள் ஏன் மறைந்தார்கள்? முதல் அணி, பின்னால் நடந்ததைப் படத்தின் மேல் ஏற்றிப் படிக்கிறது. மறைவின் காரணங்களைத் தேடினால் கை வேறு இடங்களில் நிற்கிறது. 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம் ஊரகங்களில் மருத்துவமனைகளைக் கட்ட நிதி அளித்தது. இனம் பிரித்த தனித்தனி வசதிகளையும் அப்போது அனுமதித்தது. 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தையும், 1966இல் நடைமுறைக்கு வந்த மெடிக்கேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டையும் தொடர்ந்து, அரசு நிதி வேண்டுமானால் இனப்பாகுபாட்டைக் கைவிட வேண்டும் என்ற நிலை வந்தது. 1965இல் சட்டமான மெடிக்கெய்டு ஏழைத் தாய்மார்களின் பிரசவச் செலவை மருத்துவமனையில் ஏற்கத் தொடங்கியது. அதுவரை பூட்டியிருந்த கதவு திறந்ததும் கறுப்பினத் தாய்மார்கள் அதன் வழியே போனார்கள். மாநிலங்கள் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டதும், அலபாமா 1976இல் சட்டத்தைத் திருத்தியதும், இந்த நகர்வுக்குப் பிறகு வந்தவை. மருத்துவச்சிகளுக்கு அநீதி நடந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பிரசவத்தை எப்படி நல்லபடியாக முடிப்பது என்று, அதுவும் ஏழை வீட்டில் எப்படி முடிப்பது என்று, சக மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு படத்தை அந்த அநீதியின் கருவியாகப் படிப்பதற்கு, 1953இல் யாருக்கும் தெரிந்திராத ஒரு முடிவை 1953க்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.