மதராஸ் ஹெரால்டுக்கு எந்த பிஸ்டன்?

1965-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் இன்ஜினைப் புதுப்பிக்க வேண்டும். எந்த அளவு பிஸ்டன் சரியானது என்பதுதான் கேள்வி. பதில் சொல்லியிருக்க வேண்டிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 1988-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எஞ்சியிருந்தவை காகிதங்களும் அந்த இன்ஜினும்தான்.

முதலில் பிரிட்டிஷ் உதிரிபாகப் பட்டியலைப் பார்த்தேன். இந்தக் காரின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் அங்கே 948 சி.சி. இன்ஜினோடு அறிமுகமானது. 1961-இல் 1147 சி.சி. கொண்ட ஹெரால்டு 1200 வந்தது. ஆண்டை வைத்துத் தேடினால் 1965-க்குக் கிடைப்பது 69.3 மி.மீ. பிஸ்டன். வெளிநாட்டு விற்பனையாளர்கள் ‘ஹெரால்டு’ என்று காட்டியதும் பெரும்பாலும் இதையே.

ஆர்.சி. புத்தகமோ 948 சி.சி. என்றது. மதராஸில் தயாரான ஹெரால்டு அந்தச் சிறிய இன்ஜினையே தொடர்ந்து சுமந்தது என்பதால் இது பொருந்துகிறது. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் இன்ஜின் மாறியிருக்கலாமே? பிளாக்கில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைத் துடைத்து எண்ணைப் படித்தோம். புத்தகத்தில் இருந்த எண்ணேதான். பிளாக் பழையதே என்பது உறுதியானது. உள்ளே என்ன வேலை நடந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அடுத்து ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம்: 76 மி.மீ. இதனால் பயனில்லை. இந்த இன்ஜின் குடும்பத்தில் 803, 948, 1147 சி.சி. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே. போர் எனப்படும் சிலிண்டர் விட்டம்தான் முறையே 58, 63, 69.3 மி.மீ. என வேறுபடுகிறது.

ஹெட்டைக் கழற்றி போரை அளந்தால் 63 வரவில்லை; மேல் விளிம்பில் 63.51 இருந்தது. மேல் ரிங் எட்டாத அந்த இடத்தில் உலோகம் தேய்வதில்லை. விரலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் நகத்தில் தட்டுகிற மெல்லிய மேடு அது. ஆகவே 63.51 என்பது தேய்மானம் அல்ல. கடைசியாக ரீபோர் செய்த, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய, அளவு. பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டியபோது 020 என்ற முத்திரை தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு என்றால் 0.508 மி.மீ. ஒன்றையொன்று சாராத இரண்டு தடயங்களும் ஒத்துப்போயின.

மேட்டுக்குக் கீழே, அதிகம் தேய்ந்த சிலிண்டர் 63.72 காட்டியது. அடுத்த ஓவர்சைஸான 030-க்கு 63.76 வேண்டும். இடையில் இருப்பது 0.04 மி.மீ. மட்டுமே, ஒருபுறமாகத் தேய்ந்த சிலிண்டரை முழு வட்டமாக்க அது போதாது. ஆகவே 040, அதாவது ஏறத்தாழ 64.02 மி.மீ. தேவை.

இனித் தேட வேண்டியது ஒரே எண். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ‘ஹெரால்டு’ என்று கேட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டாண்டர்டு டென் காரும் 948 சி.சி.தான் என்பதால் அந்தப் பெயரிலும் விசாரித்தேன். ‘டென் 040’ என்று எழுதிய பெட்டி ஒன்று வந்தது. பெட்டியின் எழுத்தை நம்பி வாங்க முடியாது. உள்ளிருக்கும் சரக்கு மாறியிருக்கலாம். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையிலான உயரம், ரிங் பள்ளங்களின் அகலம் மூன்றையும் பழைய பிஸ்டனோடு வைத்து அளந்தோம். மூன்றும் பொருந்தின.

‘ஹெரால்டு’ என்று காட்டியது தவறான பிஸ்டன். ‘டென்’ என்று எழுதியிருந்ததே சரியானது. பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பிஸ்டன்களை எடைக்குப் போடும் முன் அவற்றின் முத்திரைகளையும் அளவுகளையும் குறித்து வையுங்கள். ஆலை மூடிய பிறகு அடுத்தவருக்கு உதவப்போகும் ஆவணம் அந்தக் குறிப்புதான்.