மருதங்குடி முதல் மருத்துவக் கல்லூரி வரை: பச்சிலை அறிவு இடம்பெயர்ந்த வரலாறு

பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி, எருக்காட்டூர் என்று பழம்பெயர்கள் உண்டு. அங்குள்ள கற்பக விநாயகர் கோயிலில் உறையும் மருதீசருக்குத் தலமரம் மருது. மருதம்பட்டையைச் சித்த மருத்துவர்கள் நெஞ்சக நோய்க்குக் கொடுக்கிறார்கள். எருக்கின் இலை, பூ, வேர்ப்பட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருந்தில் சேரும். வானம் பார்த்த இந்தக் கண்மாய் நாட்டில் மூலிகை அறிவு எப்படிக் கைமாறியது என்பதற்கு வழிபாட்டையே முதற்சான்றாகக் கொள்ளலாம்.

நகரத்தார் வீடுகளில் கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் பிள்ளையார் நோன்பு. நிறைவு நாளில் ஆவாரம்பூ வைத்துக் கும்பிட்டு, 21 இழைத் திரியை மாவில் ஏற்றிச் சுடரோடு உண்பார்கள். நீரிழிவுக்கான ஆவாரைக் குடிநீரின் தலையான சரக்கும் அதே ஆவாரைதான். விநாயகர் சதுர்த்திக்குரிய 21 இலைகளின் பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் எருக்கு, நொச்சி, நாயுருவி, ஊமத்தை, கண்டங்கத்தரி, மருது போன்றவை அதில் இடம்பெறும். இவற்றைப் பறித்துவரப் போகும் பிள்ளைக்குச் செடியும் அது முளைக்கும் இடமும் பருவமும் ஒருசேரப் பழகிவிடும். பாடம் என்று எவரும் பெயரிடாத பாடம் அது.

வைத்தியக் குடும்பங்களில் பயிற்சி கடுமையானது. ஆசான் பின்னால் காடுமேடு நடக்க வேண்டும்; காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, இரும்பு படாமல் வேர் எடுக்க வேண்டும். ஏட்டுப் பாடல்கள் மனப்பாடமாகும். ஆனால் அவற்றின் பரிபாஷையை, அதாவது மறைமொழியை, ஆசான் சொல்லாமல் அவிழ்க்க இயலாது.

இந்த வழிக்கு விழுந்த முதல் அடி சென்னை மாகாணத்தின் 1914 மருத்துவப் பதிவுச் சட்டம். அது மேலை மருத்துவரையே பதிவேட்டில் ஏற்றியது. எதிர்ப்பு வலுத்த நிலையில் 1921இல் நாட்டு மருத்துவத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. நாட்டு வைத்தியர்களிடம் அவரவர் மொழியிலேயே கருத்துக் கேட்டு 1923இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வர். அங்கே சித்தத்தோடு மேலை உடற்கூறும் கற்பித்தார்கள். நாளடைவில் மேலை மருத்துவத்தின் பங்கே பெருகி, அந்நிறுவனம் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாயிற்று. சித்தத்துக்கென அரசுக் கல்லூரி 1964இல் பாளையங்கோட்டையில்தான் வந்தது.

1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டம் அதுவரை தொழில் செய்துவந்த பரம்பரை வைத்தியர்களின் உரிமையை ஓரளவு காத்தது. புதிதாக வருவோருக்குப் பட்டம் கட்டாயம். பாட்டனிடம் கற்ற பேரன் பதிவில் ஏற வழியில்லாமல் போயிற்று. கல்லூரிகள் ஏடுகளைக் காத்தன, போலிகளைத் தடுத்தன. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. நிலத்தில் நடந்து கற்பதற்கு அவற்றின் பாடத்திட்டம் போதிய இடம் தரவில்லை என்பதே என் வருத்தம்.

நிலத்தோடான தொடர்பு அறுந்ததற்கு நிலவேம்புக் குடிநீரே சான்று. அதில் 9 சரக்குகள். அவற்றுள் கோரைக்கிழங்கு வயல்களிலும் கண்மாய்க் கரைகளிலும் தானே முளைப்பது. இன்று அதுவும் பொட்டலத்தில் பொடியாக வருகிறது.

இந்த அறிவைப் பதிந்து வைக்க ஒரு வழி உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு வழிவகுத்தது. 2023 திருத்தமோ, நூலில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிரும் கடமையிலிருந்து விலக்களித்தது. ஆக, பலன் பகிர்வு என்ற காப்பு இனி எஞ்சுவது வாய்மொழி அறிவுக்குத்தான். எந்தக் கரையில் எந்தச் செடி, எந்த மாதத்தில் எடுப்பது என்று சொல்லக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே ஊராட்சிகள் அவர்கள் சொல்வதை, அவர்கள் இசைவோடு, அந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.