பங்கும் நிதியும்: காணொளிக்காரர்களின் கூலிக் கணக்கு

யூடியூபும் டிக்டாக்கும் காணொளி போடுகிறவர்களுக்குப் பணம் தருகின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இத்தனை சந்தாதாரர் சேர வேண்டும், இத்தனை வியூஸ் போக வேண்டும், பிறகு ஒரு தொகை கணக்கில் ஏறும். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது, எப்படி அளக்கப்படுகிறது என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு பாதையில் பிரிந்துவிடுகின்றன.

யூடியூப் 2007-இல் தொடங்கிய கூட்டாளர் திட்டம் பங்கு முறையில் நடப்பது. நீளக் காணொளியில் ஓடும் விளம்பரத்தின் வருமானத்தில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு, மீதி நிறுவனத்துக்கு. டிக்டாக் 2020 ஜூலையில் அறிவித்த கிரியேட்டர் ஃபண்டில் இப்படி ஒரு விழுக்காடு கிடையாது. அமெரிக்கப் படைப்பாளிகளுக்கு முதலில் 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மூன்றாண்டில் அது 100 கோடியாக உயரும் என்றார்கள். தொகை பெரியது, செய்தியும் பெரியதாக ஓடியது. ஒரு வியூவுக்கு எவ்வளவு என்பது மட்டும் அறிவிப்பில் இல்லை.

வாரத்துக்கு உழுகிறவருக்கு மழை பெய்யுமா, மகசூல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் களத்தில் நெல்லை அளக்கும்போது தன் பங்கு எத்தனையில் எத்தனை என்று தெரியும். யூடியூப் படைப்பாளியின் நிலை ஏறக்குறைய அதுதான். ஃபண்டில் சேர்ந்தவருக்கு அந்த அளவும் இல்லை.

அதன் விளைவை 2022 ஜனவரியில் ஹேங்க் கிரீன் ஒரு காணொளியில் விளக்கினார். யூடியூபில் பல்லாண்டு அனுபவம் உள்ள அமெரிக்கப் படைப்பாளி அவர். நிதியில் உள்ள பணம் கட்டிவைத்த தொகை. செயலியைப் பார்ப்பவர்களும் அதில் போடுகிறவர்களும் பெருகப் பெருக ஒவ்வொரு வியூவின் மதிப்பும் குறையும் என்பது அவர் வாதம். தனக்கு ஆயிரம் வியூவுக்கு இரண்டரை சென்ட் அளவில்தான் வருகிறது என்றார். பத்து லட்சம் பேர் பார்த்த காணொளிக்கு 25 டாலர்! செயலி வளர்ந்தால் நிறுவனத்துக்கு லாபம், அதை வளர்த்தவருக்கு நட்டம். இதில் மோசடி ஏதும் நடந்ததாக நான் சொல்லவில்லை. நிதி என்ற அமைப்பே அப்படித்தான் கணக்குப் போடும். ஆனால் அதை நிறுவனம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஒரு படைப்பாளி தன் வருமானத் தாளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கும் நிலை வந்திருக்கக் கூடாது.

யூடியூபில் எல்லாம் தெளிவு என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே பங்கு தெரியும். எந்தக் காணொளிக்குப் பங்கு உண்டு என்பதில்தான் இருட்டு. ‘விளம்பரத்துக்கு ஏற்றது’ என்று நிறுவனம் கருதினால் பச்சை டாலர் குறி, சந்தேகம் என்றால் மஞ்சள். மஞ்சள் விழுந்தால் விளம்பரம் குறையும் அல்லது அறவே இருக்காது. முதல் தீர்ப்பை இயந்திரம் சொல்கிறது. மேல்முறையீடு செய்தால் மனிதர் பார்ப்பார். ஆனால் பல காணொளிகளுக்கு வெளியான முதல் இரண்டு நாளில்தான் வியூஸ் குவியும். அந்த நேரத்தில் மஞ்சளில் கிடந்துவிட்டுப் பிறகு பச்சைக்கு மாறினால், போன பணம் போனதுதான்.

2022 நவம்பரில் வசைச்சொல் குறித்த விதியை யூடியூப் இறுக்கியது. காணொளியின் தொடக்க நொடிகளில் ஒரு கெட்ட வார்த்தை வந்தாலும் விளம்பரம் போகலாம் என்றானது. பழைய காணொளிகளும் அதில் சிக்கின. எடுத்த நாளில் எந்த விதியையும் மீறாதவை அவை. எதிர்ப்பு கிளம்பி, 2023 மார்ச்சில்தான் விதி தளர்ந்தது. நினைத்ததைவிடக் கடுமையாகிவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் வாடகை கட்ட வேண்டியிருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இங்கே கடுமையையும் குழப்பத்தையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். 2018 ஜனவரியில் யூடியூப் தன் வாசலை உயர்த்தியது. அதுவரை மொத்தமாக 10,000 வியூஸ் போதும். அதன்பின் 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்த சிறு சேனல்களும் பிப்ரவரி 20-க்குப் பிறகு வெளியே. பாதிக்கப்படுவோரில் 99 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டில் 100 டாலருக்கும் குறைவாக ஈட்டியவர்கள் என்று சமாதானம் சொன்னார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பத்து டாலர் பலருக்குத் தொடர்ந்து செய்யலாம் என்ற தைரியத்தைத் தருவது. ஆனாலும் அது எண்ணில் சொல்லப்பட்ட விதி, தேதி குறித்த விதி. எங்கே நிற்கிறோம், இன்னும் எத்தனை மணிநேரம் வேண்டும் என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். கிரியேட்டர் ஃபண்டின் வாசலும் எண்ணில்தான் இருந்தது. உள்ளே போன பிறகுதான் எண்கள் மறைந்தன.

யூடியூபும் ஒருமுறை நிதி வழியில் போய்ப் பார்த்தது. 2021-இல் ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொளிகளுக்காக 10 கோடி டாலர் ஒதுக்கி, தேர்ந்தெடுத்தவர்களுக்கு மாதம் 100 முதல் 10,000 டாலர் வரை கொடுத்தது. உனக்கு ஏன் 300, அவருக்கு ஏன் 3,000 என்பதை யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியாது. 2023 பிப்ரவரியில் அதைக் கைவிட்டுப் பங்கு முறைக்கு வந்தது. ஷார்ட்ஸ் நடுவே வரும் விளம்பர வருமானம் பொதுவில் சேரும். பாட்டு போட்ட ஷார்ட்டுக்கு அதில் ஒரு பகுதி இசை உரிமைக்குப் போகும். எஞ்சியதில் நாடுவாரியாக வியூஸ் விகிதத்தில் ஒதுக்கப்பட்ட பங்கில் படைப்பாளிக்கு 45 விழுக்காடு. ஒரு பாட்டு என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு இசைக்கு என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். பொதுவில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் படைப்பாளி பார்க்க முடியாது என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் வழிமுறை தெரிந்ததால், பாட்டு போடலாமா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுக்க முடிகிறது.

டிக்டாக்கும் மாறியது. 2023 டிசம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஃபண்டை மூடியது. 2024-இல் வந்த கிரியேட்டர் ரிவார்ட்ஸ் திட்டத்தில் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளுக்கே பணம். 10,000 பின்தொடர்வோரும், 30 நாளில் ஒரு லட்சம் வியூஸும் வேண்டும். எல்லா வியூவும் கணக்கில் ஏறாது. ஐந்து நொடிக்குள் தள்ளிவிட்டவை, பணம் கட்டி வாங்கியவை போன்றவை கழியும். இதுவரை நியாயம், தெளிவும்கூட. அடுத்துதான் பழைய இருட்டு திரும்புகிறது. ஆயிரம் வியூவுக்கான விலையை நிர்ணயிக்க நான்கு அளவுகோல் சொல்கிறார்கள்: சொந்தப் படைப்பா, எவ்வளவு நேரம் பார்த்தார்கள், தேடலில் மதிப்பு உண்டா, பார்வையாளர் ஈடுபாடு எப்படி. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்வதில்லை. அதனால் விலை குறைந்தால் எதைத் திருத்துவது என்று தெரியாமல், நீளத்தைக் கூட்டிப் பார்ப்பது, தலைப்பை மாற்றிப் பார்ப்பது என்று அலைகிறார்கள்.

இந்தியாவில் இருக்கும் தமிழ்ப் படைப்பாளிகளுக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம்தான் பழக்கம். டிக்டாக் இங்கே தடைசெய்யப்பட்டது 2020 ஜூன் 29-இல். ஃபண்ட் அறிவிப்பு வந்தது அடுத்த மாதம். பாரிஸிலும் லண்டனிலும் இருந்து தமிழில் காணொளி போடுகிறவர்களுக்கு இரண்டு கணக்கும் திறந்திருக்கின்றன. அவர்களில் எவரும் தன் இரண்டு வருமானத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு புரியும். எடுத்துக்காட்டாக, யூடியூப் 2025 மார்ச் இறுதியில் ஷார்ட்ஸ் வியூவை எண்ணும் முறையை மாற்றி, ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்றது. கூடவே பழைய கணக்கை ‘எங்கேஜ்டு வியூஸ்’ என்று தனியே காட்டி, பணம் அதன்படிதான் என்றும் சொன்னது. நான்கு அளவுகோலின் எடையையும் டிக்டாக் இப்படி எழுதிக் காட்டலாம். அது வணிக ரகசியம் என்றால், ஒரு காணொளிக்கு விலை இறங்கியது நான்கில் எதனால் என்று அந்தப் படைப்பாளியிடம் மட்டுமாவது சொல்லலாம்.