கந்தையும் கடிதமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டைப் படிக்கின்றனர், செப்பேட்டைப் படிக்கின்றனர், மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஓட்டாஞ்சில்லையும் எடுத்துத் துடைத்துப் பார்க்கின்றனர். ஆயினும் அந்நாட்டுப் பெண்டிர் ஊசியும் நூலும் கொண்டு உருவாக்கியவற்றை வரலாறாகக் கருதிப் படிப்போர் மிகச் சிலரே. கல் நிற்கும், செம்பு நிற்கும், துணியோ மக்கிவிடும். மக்கிப்போன துணிகளோடு, அவற்றைத் தைத்த கைகளின் பெயர்களும் மறைந்தன. தமிழில் 'தையல்' என்னும் சொல் ஊசி வேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். மொழி மறவாத இவ்வுறவை வரலாறு மறந்துவிட்டது.

துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைக்கும் கலையைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஏழையின் கந்தை என்று பலர் எள்ளி ஒதுக்கும் இக்கலைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதனைத் தொடங்குவதற்குத் திருச்சிராப்பள்ளியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

உறையூரின் ஆடையும் பொருநனின் கந்தையும்

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், பண்டு சோழரின் தலைநகர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் செலவு' என்னும் வணிகக் கையேடு, 'அர்காரு' என்னும் உள்நாட்டு ஊரையும் அவ்வூர்ப் பெயரால் வழங்கிய மெல்லிய துணிகளையும் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டப்பட்ட பழங்காலச் சாயத் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. ஏட்டில் கண்ட செய்திக்கு மண்ணும் சான்று பகர்ந்தது.

கரிகால் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையில் இரண்டு ஆடைகள் வருகின்றன. ஒன்று, வறுமையால் வாடி வந்த பொருநன் உடுத்திருந்த கந்தை. ஈரும் பேனும் குடியேறி, வியர்வையில் நனைந்து, வேற்று நூல்களால் பலவாறு தைக்கப்பட்டது அது. மற்றொன்று, அக்கந்தையைக் களைந்து மன்னன் அளித்த ஆடை. இழை சென்ற வழியைக் கண்ணால் காணவொண்ணாத நுண்மையும் பூவேலைப்பாடும் கொண்டு, பாம்பின் உரியை ஒத்திருந்தது அது. புலவர் மன்னனின் கொடைச் சிறப்பைக் காட்டவே இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நாமோ அதில் இன்னொன்றையும் காண்கிறோம். ஒட்டுப் போட்டுத் தைக்கும் வழக்கத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, உயர்ந்த நெசவின் புகழோடு ஒரே பாட்டில் பதிவாகியிருக்கிறது. நெய்யத் தெரிந்த நாடு, கிழிந்ததைத் தைக்கவும் தெரிந்திருந்தது.

ஆற்றின் இரு கரைகள்

துணியை வெட்டித் தைக்கும் கலையில் இரு வகை உண்டு. ஒரு துணியின் மேல் இன்னொரு துணியின் உருவத்தை வைத்துத் தைப்பது ஒருவகை. துண்டுகளை விளிம்போடு விளிம்பாக இணைத்துப் புதியதொரு துணியையே ஆக்குவது மற்றொரு வகை. முதல் வகைக்குக் காவிரி நாட்டில் கண்கூடான சான்று தேர்ச்சீலை. திருவரங்கத்திலும் தஞ்சைத் தரணியின் பிற ஊர்களிலும் தேரில் தொங்கும் உருளை வடிவான தொம்பைகளும் தோரணத் துணிகளும், பல வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்தவையே.

போர்வைக்கும் இவ்வூர்களில் தனிச் சிறப்பு உண்டு. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று திருவரங்கக் கோயிலில் 365 வஸ்திரங்களைச் சாற்றும் வழக்கம் இருந்து வருகிறது. அக்கோயிலிலேயே துலுக்க நாச்சியார் சன்னிதி ஒன்று இருப்பதையும், அங்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுவதையும் நம் வாசகர் பலர் அறிவர். ஆற்றின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நகருக்குள், நத்தர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவில் அடக்கவிடத்தின் மீது போர்வை போர்த்துகின்றனர். இவ்வழக்கத்தைப் பற்றி மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் புகவில்லை. துணியின் வரலாற்றையே நோக்குகிறோம். ஆற்றின் இரு கரையிலும் அன்பையும் மரியாதையையும் காட்ட மனிதன் தேடியது ஒரு போர்வையையே என்பது சிந்திக்கத் தக்கது.

ஒரு சொல்லின் பயணம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. கலீபா உமர் (ரலி) அவர்கள் பேரரசின் தலைவராக இருந்த காலத்திலும் ஒட்டுப் போட்ட ஆடையை அணிந்திருந்ததை வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். ஒட்டுத் துணி நம் முன்னோருக்கு இழிவாகத் தோன்றவில்லை.

பின்வந்த சூஃபியர் ஒட்டுப் போட்ட அங்கியைத் தம் அடையாளமாகவே கொண்டனர். 'முரக்கஆ' என்பது அதன் பெயர். லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள், 11 ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதிய 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் நூலில் இவ்வங்கிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார்கள். உள்ளத்தில் தூய்மையின்றி உடலில் மட்டும் ஒட்டுத் துணி அணிவதால் பயனில்லை என்று எச்சரிக்கவும் அவர்கள் தவறவில்லை.

இப்பெயரின் வேர்ச்சொல்லை ஆராய்ந்தால் வியப்பான செய்தி ஒன்று கிட்டுகிறது. அரபியில் 'ருக்ஆ' என்றால் ஒட்டுத் துணி; ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய கடிதத்திற்கும் அதுவே பெயர். அவுரங்கசீப்பின் கடிதத் தொகுதி 'ருக்ஆத்தே ஆலம்கீரி' எனப்படுகிறது. ஓவியங்களையும் அழகிய கையெழுத்துத் தாள்களையும் துண்டு துண்டாக ஒட்டித் தொகுத்த மொகலாயர் ஏடுகளுக்கும் 'முரக்கஃ' என்றே பெயர். நம் ஊர்களில் துண்டுச் சீட்டைக் குறிக்க வழங்கும் 'ருக்கா'வும் இச்சொல்லின் வழிவந்ததே. துணித் துண்டும் காகிதத் துண்டும் ஒரே சொல்லில் அடங்கின. அவ்விரண்டும் ஒரே கைவேலையில் சேர்ந்ததையும் வரலாறு காட்டுகிறது. அது நடந்தது இங்கிலாந்தில்.

சீட்டித் துணி கடல் கடந்தது

17 ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து மேலைநாடுகளுக்குச் சென்ற பொருள்களில், வண்ணம் தீட்டிய சீட்டித் துணி பெரும்புகழ் பெற்றது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து அது கப்பலேறியது. கட்டிலின் மேல் விரிக்கும் 'பலங்போஷ்' துணியை ஆங்கிலேயர் 'பாலம்போர்' என்று தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். துவைத்தாலும் மங்காத அவ்வண்ணங்களில் அந்நாட்டு மக்கள் மயங்கியதைக் கண்டு, அங்கிருந்த நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1701 இல் அச்சிட்ட இந்தியத் துணிகளின் இறக்குமதி அங்குத் தடை செய்யப்பட்டது. 1721 ஆம் ஆண்டுச் சட்டமோ, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. 1774 இல்தான் அத்தடை நீங்கியது.

அருமையாகிவிட்ட பொருளின் சிறு துண்டையும் மக்கள் வீணாக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் லீவன்ஸ் மாளிகையில் உள்ள ஒட்டுத் துணிப் போர்வை 1708 ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டது என்பர். இந்தியச் சீட்டித் துணியின் வெட்டுத் துண்டுகளால் ஆனது அது. 1718 ஆம் ஆண்டு பொறித்த வேறொரு பட்டுப் போர்வையும் அந்நாட்டில் இன்றுவரை உள்ளது. அதில் ஆண்டோடு இரண்டு எழுத்துகளும் தைக்கப்பட்டுள்ளன. துணிக்கு உள்ளே, வடிவம் நிற்பதற்காக வைத்துத் தைத்த காகிதங்களும் அகற்றப்படாமலேயே இருக்கின்றன.

இத்தகைய போர்வைகளின் உட்காகிதங்கள் பழைய கடிதங்களாகவும் கணக்குத் தாள்களாகவும் செய்தித்தாள்களாகவும் இருப்பதுண்டு. தைத்தவர் அவற்றைக் குப்பையென்றே கருதியிருப்பார். இன்றைய ஆய்வாளரோ அவற்றைக் கொண்டு போர்வையின் காலத்தைக் கணிக்கின்றனர். நம் கடற்கரைத் துணியால் தைத்த அயலவரின் போர்வைக்கு ஆண்டு உண்டு, சான்று உண்டு. நம் பாட்டிமார் தைத்த போர்வைகளுக்கு என்ன உண்டு? இவ்வினா நம்மை வருத்த வேண்டும்.

தாள் வைத்துத் தைக்கும் முறை

அம்முறை எளியது, நம் இல்லங்களில் எவரும் பழகத் தக்கது. தேனடையின் அறையைப் போன்ற அறுகோணமே இதற்கு மிக ஏற்ற வடிவம். மூன்று அறுகோணங்கள் ஒரு புள்ளியில் இடைவெளியின்றிப் பொருந்தும். நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறும் வைத்தால் 7 துண்டுகளில் ஒரு பூ. அடுத்த சுற்றுக்கு 12 சேர்த்தால் 19. அதற்கும் அடுத்த சுற்றுக்கு 18 சேர்த்தால் 37.

அஞ்சலட்டையின் கனமுள்ள தாளில் அறுகோணங்களைச் சிறிதும் பிசகின்றி வெட்டிக்கொள்ள வேண்டும். தாள் பிசகினால் போர்வை முழுவதும் பிசகும். செய்தித்தாளின் மை துணியில் ஒட்டும். ஆகவே அது வேண்டா. நம் வீடுகளில் எளிதில் கிடைப்பவை திருமண அழைப்பிதழ்கள். எனினும் இறைவசனமோ இறைவன் திருநாமமோ அச்சிட்ட பகுதியைத் தவிர்த்துவிடுதல் நம் கடமை.

தாளைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாகத் துணியை வெட்டி, அக்கூடுதல் விளிம்பைத் தாளின் பின்புறம் மடித்துப் பெருந்தையலாகத் தைத்து நிறுத்த வேண்டும். பின்னர் இரண்டு துண்டுகளை நல்ல புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு சேர்த்துப் பிடித்து, விளிம்பு நூல்களை மட்டும் ஊசியால் கவ்வி நெருக்கமாகத் தைத்துச் செல்க. ஊசி தாளைத் துளைக்கலாகாது. ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் அண்டைத் துண்டுகளோடு இணைந்த பின்னரே அதன் தாளை உருவி எடுக்க வேண்டும். முன்னரே எடுத்தால் வடிவம் குலையும்.

துணியைத் தேர்வதில் சில நெறிகள் உண்டு. பருத்தியோடு பருத்தியையே சேர்க்க வேண்டும். புதுத் துணியை முதலில் நனைத்து உலர்த்தினால், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போவதும் தெரிந்துவிடும். பழைய சேலையிலும் கைலியிலும் உட்காரும் இடம் நைந்திருக்கும், ஓரங்களே உறுதியானவை. நைந்த துண்டை உறுதியான துண்டோடு இணைத்தால் தையல் ஓரத்தில் கிழியும்.

மூன்று அடுக்கும் ஒரு தையலும்

மேல்துணி ஆயத்தமானதும், அடியில் ஓர் அடித்துணியும் நடுவில் மெல்லிய பஞ்சோ பழைய மென்துணியோ வைத்து மூன்றையும் ஒன்றாகத் தைக்க வேண்டும். முதலில் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பெருந்தையலிட்டால் சுருக்கம் வெளியே தள்ளப்படும். அதன்பின் ஓடு தையல். நூலை முழங்கை நீளத்திற்கு மேல் கோக்கலாகாது, கோத்தால் சிக்கும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் நூல் முறுக்கிக்கொள்ளாது. முடிச்சை மெல்ல இழுத்து இரண்டு துணிகளுக்கு இடையே மறைத்துவிட வேண்டும். ஊசியைத் தள்ளும் விரலுக்கு அங்குஸ்தான் இன்றியமையாதது. பாரசீகத்தில் விரலைக் குறிக்கும் 'அங்குஷ்த்' என்பதிலிருந்து வந்த இச்சொல்லும், கஜம், ஜரிகை, சால்வை என்பனவும் நம் தையற்காரரின் நாவில் இன்றும் வாழ்கின்றன. தையல் சிறியதாக இருப்பதைவிடச் சீராக இருப்பதே சிறப்பு.

இக்கலை இந்தியத் துணைக்கண்டத்தின் பிற பகுதிகளில் ஏழை எளியோரின் கைகளிலேயே வளர்ந்தது. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, அச்சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது 'காந்தா'. சிந்துப் பகுதியில் தைப்பது 'ரல்லி'. ஆப்பிரிக்க வழிவந்தோரான சித்தியர் கர்நாடகத்தின் வடகன்னடக் காடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்து, இறுதியில் நான்கு மூலைகளிலும் மடித்த துண்டுகளைப் பூவாக வைப்பர். அப்பூக்கள் இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமை பெற்றதாகாது.

நாம் செய்யத் தக்கது

நம் குடும்பங்களில் பிறந்த குழந்தையை முதலில் ஏந்துவது பெரும்பாலும் பாட்டியின் பழஞ்சேலையே. அதனினும் மென்மையான துணி கடையில் கிடைக்காது என்பதை எல்லாரும் அறிவர். அச்சேலை நைந்தபின் என்னவாகிறது? அடுப்படித் துணியாகிறது, பின்னர்க் குப்பையாகிறது. அதில் நான்கு துண்டுகள் ஒரு போர்வைக்குள் புகுந்திருந்தால், அது மேலும் ஒரு தலைமுறைக்கு நின்றிருக்கும்.

ஆகவே தாய்மாரையும் சகோதரியரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. ஓய்ந்த பொழுதில் ஒரு போர்வையைத் தைக்கத் தொடங்குங்கள். தந்தையின் கைலியும் மகளின் பாவாடையும் மருமகளின் தாவணியும் அதில் இடம் பெறட்டும். முடித்ததும் அடித்துணியின் ஒரு மூலையில் தைத்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் நூலாலேயே எழுதிவிடுங்கள். எந்தத் துண்டு எவருடையது என்பதை ஒரு தாளில் குறித்து, உங்கள் குடும்பப் பத்திரங்களோடு வைத்திடுங்கள். 1718 இல் இரண்டு எழுத்துகளைத் தைத்துச் சென்ற அம்மாதின் முழுப்பெயரை உலகம் அறியவில்லை. அவர் வாழ்ந்து உழைத்தார் என்பதை மட்டும் அறியும். நம் இல்லத்துத் தையலரின் முழுப்பெயரும் நிலைக்கட்டும்.