தரங்கம்பாடி: வரலாறும் காண்பனவும்

சோழவள நாட்டின் கீழைக் கடற்கரையில், பூம்புகாருக்குத் தெற்கிலும் காரைக்காலுக்கு வடக்கிலும் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தரங்கம் என்பது அலை. அலைகள் பாடும் ஊர் எனப் பெயருக்குப் பொருள் கூறுவர். ஊர் சிறிதெனினும் அதன் வரலாறு சிறிதன்று. பாண்டியரும் நாயக்கரும் டேனியரும் ஆங்கிலேயரும் இங்கே தம் முத்திரையைப் பதித்துச் சென்றுள்ளனர். தமிழகத்தில் கல்வி எவ்வாறு எளிய மக்களின் வாயிலுக்கு வந்தது, வந்த பின்னும் எந்த வாயில்கள் மூடியே கிடந்தன என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வூரின் வரலாறு சிறந்த பாடமாகும். எனவே ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இவ்வூரைப் பற்றி எழுதுவது பொருத்தமுடையதே.

பழைய ஊர்

இங்குள்ள மிகத் தொன்மையான கட்டடம் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. இக்கோயிற் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன் பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்னும் சொல்லே, டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது துறைமுக ஊராக விளங்கியதை உணர்த்தும். கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டது.

டேனியர் வருகை

கீழை நாடுகளின் மிளகு வாணிகத்தில் பங்கு பெற விரும்பிய டென்மார்க் மன்னர் நான்காம் கிறித்தியான், ஓவே கெட்டே என்னும் கடற்படைத் தலைவரை அனுப்பினார். 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டுதோறும் திறை செலுத்துவதாக ஒப்புக்கொண்டு டேனியர் இவ்வூரைப் பெற்றனர். இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதி விடுத்த மடல் இன்றும் கோபன்கேகனில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

உடன்படிக்கையைத் தொடர்ந்து எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் வீரர் குடியிருப்பும் சிறையும் இருந்தன; மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் வாழ்ந்தனர். மிளகும் துணியும் இங்கிருந்து கப்பலேறின. சரக்குகளோடு மனிதரும் கப்பலேறினர் என்பதை நாம் மறத்தலாகாது. பஞ்சக் காலங்களில் உணவுக்கு வழியற்றோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். சோழமண்டலக் கரையில் வாணிகம் செய்த ஐரோப்பியர் அவர்களை வாங்கினர். டேனியரும் அதற்கு விலக்கல்லர்.

எழுத்து வந்த வழி

1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு செர்மானிய இளைஞர்கள் இக்கரையில் வந்திறங்கினர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கால் அனுப்பப்பட்ட லுத்தரன் சமயத் தொண்டர்கள் இவர்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செர்மானிய மொழியில் பெயர்த்தார்.

1707 மே 12ஆம் நாள் சீயோன் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்ற முதல் ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாய் உழைத்தவர்கள். அதே ஆண்டில் பெண் குழந்தைகளுக்கெனவும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஏழைகளின் சார்பில் பேசிய சீகன்பால்குவுக்கும் கோட்டைத் தலைவருக்கும் பகை முற்றியது. 1708இன் இறுதியில் அவர் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டு, நான்கு திங்கள் கழித்தே வெளிவந்தார்.

1713இல் செர்மனியின் ஆல் நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்ததால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன; அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறின. தமிழ் அச்சு இதற்கு முன்பே, 1578இல், போர்த்துக்கேயர் வழியாகத் தோன்றியதாயினும், பள்ளியும் அச்சகமும் காகித ஆலையும் ஒருசேர இயங்கியது இங்கேதான். சீகன்பால்கு 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். அடுத்த ஆண்டு, 36ஆம் வயதில் மறைந்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இராசநாயக்கன்

இந்த அச்சகத்தின் பயனை விளக்க ஒருவரின் வாழ்வே போதுமானது. தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர் இராசநாயக்கன்; பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நூல் ஒன்று 1720களில் இவர் கைக்குக் கிடைத்தது. எவரும் அழைக்காமலே அதைப் படித்து, தாமே முடிவு செய்து, தரங்கம்பாடிக்குத் தொடர்பு கொண்டார். பின்னர் உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் பல ஆண்டுகள் தொண்டாற்றினார். எழுத்தறிந்த பறையர் ஒருவர் நூல் படித்துத் தம் வாழ்வின் திசையைத் தாமே வகுத்துக்கொண்டார் என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கிடைக்கும் சான்று இது.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1733இல் ஆரோன் என்பார் இம்மண்ணின் முதல் தமிழ்க் குருவாக நிலைப்படுத்தப்பட்டார்; அவர் வேளாளர். 1741இல் இரண்டாம் குருவைத் தேர்ந்தெடுக்கும் பொழுது இராசநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அறிவிலோ தொண்டிலோ அவரிடம் குறை காணப்படவில்லை. அவர் கையால் திருவிருந்து பெறச் சாதிக் கிறித்தவர்கள் தயங்குவர் என்பதே தடையாயிற்று. தியோகு என்பார் குருவானார். இராசநாயக்கன் 1771இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆலயத்திலும் இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. பள்ளிகளிலும் பறையர் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி இருந்தது. கடல் கடந்து வந்தோர் அடிமைக்கும் எழுத்தறிவித்தனர் என்பது உண்மை. அவ்வெழுத்தைக் கற்றவனுக்கு உரிய இடத்தை அளிக்க அஞ்சினர் என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறுவது வரலாறாகாது. நன்றியும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

பிற்காலம்

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும், வங்கத்திலிருந்த சீராம்பூரையும் 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த சிறப்பும் 1860இல் நீங்கிற்று. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் வாணிகம் அங்கே சென்றது. 1926இல் மயிலாடுதுறையிலிருந்து இங்கு வந்த இருப்புப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் அமைந்தபோதிலும், அதன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரின் மீனவர் குடியிருப்புகளைச் சூறையாடியது. அன்று இவ்வூர் அடங்கியிருந்த நாகப்பட்டின மாவட்டத்தில், தலித் மக்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், உதவி பெறுவதில் பின்தள்ளப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அலை எவரையும் சாதி கேட்டு அடிக்கவில்லை. கரையில் எஞ்சிய மனிதரே கேட்டனர். 2020இல் புதிதாக அமைந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் இவ்வூர் இப்பொழுது அடங்கியுள்ளது.

காண வேண்டியவை

ஊருக்குள் நுழைவோரை வரவேற்பது 1792இல் எழுந்த வெண்ணிற நகர வாயில். அதனைக் கடந்தால் அரசர் வீதி. அது நேரே கடலை நோக்கிச் செல்லும். வழியில் 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயத்தையும், சிலுவை வடிவிலமைந்த புதிய எருசலேம் ஆலயத்தையும் காணலாம். டான்ஸ்போர்க் கோட்டையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1979இல் அமைத்த அருங்காட்சியகம் உள்ளது. கடற்கரையில் சீகன்பால்கு வந்திறங்கியதைக் குறிக்கும் நினைவுச் சின்னமும், சற்று வடக்கே மாசிலாமணிநாதர் கோயிலும் காணத்தக்கவை. காலைக் கதிரவன் கடலினின்று எழும் வேளையில் கோட்டைச் சுவர் பொன்னிறம் கொள்ளும் காட்சி கண்கொள்ளாதது.

நம் மாணவர்களைச் சுற்றுலாவாக இவ்வூருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையைக் காட்டும்பொழுது அதைக் கட்டிய மன்னர் பெயரோடு, அதற்குக் கல்லும் சுண்ணமும் சுமந்து பெயரின்றிப் போனவர்களையும் நினைவூட்டுங்கள். சீயோன் ஆலயத்தில் முதல் ஐவரைப் பற்றிச் சொல்லுங்கள். புதிய எருசலேம் ஆலயத்தில் இராசநாயக்கனைப் பற்றிச் சொல்லுங்கள். படித்தவனுக்கும் இடம் மறுக்கப்பட்ட அந்த 1741ஆம் ஆண்டைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வையுங்கள். நூலைப் பெறுதல் கல்வியின் பாதி. கற்றவன் தகுதிக்குரிய இருக்கையில் அமர்தலே மறு பாதி. முதற்பாதி இக்கடற்கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியது. மறு பாதியை நிறைவேற்றும் பொறுப்பு நம்மைப் போன்ற கழகங்களுடையது.